எந்த ராஜாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போவது?

எங்கள் நாடகக் குழுவில் ஒன்பது பேர். இரண்டு பேர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறார். இரண்டு பேர் ஆசிரியைகள். மற்றவர்கள் கிடைத்த வேலையைப் பார்ப்பவர்கள். வசனம் எழுதுவது நான். மேடையில் யாராவது வசனத்தை மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து அடி எடுத்துக் கொடுப்பதும் நான்தான். ஆண்டுக்கு ஒரு நாடகம் போடுவோம். இந்தத் தடவை தை மாதம், பழம் பறிப்பு ஓய்ந்ததும், ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் போடச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. காப்பி உலர்த்தும் களம்தான் மேடை.

அழைத்தவர் சொன்னது ஒன்றே ஒன்று: "ராஜா கதையா இருக்கட்டும். கடைசில கொஞ்சம் அழ வைக்கணும்." மற்ற நிபந்தனைகளை மலையே போட்டுவிட்டது. தை மாதக் குளிரில் திறந்தவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்க முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஒரே வேனில் ஏற வேண்டும் என்பதால் சாமான் குறைவாக இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் பழம் பறிக்கும் பெண்கள், அவர்கள் பிள்ளைகள், சுற்றுப்பட்டு மலைக் கிராமத்துப் பெரியவர்கள். கூத்துப் பார்த்துப் பழகிய கண்கள், ஏமாற்ற முடியாது.

அஸ்தம்பட்டி டீக்கடையில் உட்கார்ந்து அழ வைக்கும் ராஜாக்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தோம். துரியோதனன், இராவணன், பாண்டியன் நெடுஞ்செழியன். ஒரு டீச்சர் கிரேக்க நாடகத்து ஈடிபஸைச் சேர்த்தார். மில் கணக்கர் டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாருமே சொல்பேச்சு கேக்காதவங்க. தலைக்கனத்தால கெட்டவனுக்கு ஜனங்க எதுக்கு அழணும்?" அந்தக் கேள்விக்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

நியாயமான கேள்விதான். ஆனால் தலைக்கனம் என்கிற சொல்லிலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது. ஒரே குணம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருந்தால் திமிர், நமக்கு இருந்தால் ரோஷம். பிள்ளைக்கு இருந்தால் வீம்பு, மாமனாருக்கு இருந்தால் கௌரவம். வள்ளுவர் இதில் ரொம்ப ஜாக்கிரதையான ஆள். குற்றங்கடிதல் அதிகாரத்தை "செருக்கும் சினமும் சிறுமையும் இல்லார் பெருக்கம் பெருமித நீர்த்து" என்று தொடங்குகிறார். செருக்கு இல்லாதவனுடைய வாழ்வில்தான் பெருமிதம் இருக்கும் என்று, இரண்டையும் ஒரே குறளில் எதிரெதிரே நிறுத்திவிடுகிறார். அடுத்த குறளில் அரசனுக்கு ஆகாதவை என்று சிலவற்றைச் சொல்லும்போது "மாண்பிறந்த மானம்", அதாவது பெருமை இல்லாத வீண் மானம், என்று ஒன்றைச் சேர்க்கிறார். மானத்துக்குத் தனி அதிகாரம் பாடி, மயிர் நீப்பின் வாழாத கவரிமாவை உவமை சொன்ன அதே மனிதர்! தொல்காப்பியம் பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. நாற்காலியிலிருந்து பிறக்கும் என்று சொல்லவில்லை.

கணக்கருக்கு நான் சொன்ன பதில் இது. ராஜா கெட்டுப் போவது கர்வத்தால்தான், சந்தேகமே இல்லை. உண்மை தெரிந்த பிறகு சாக்குச் சொல்ல விடாமல் அவனைத் தடுப்பதும் பல சமயம் அதே கர்வம்தான். 'இவ்வளவு பெரிய ஆள் நான், பழியை இன்னொருவன் தலையில் வைப்பதா' என்று ஒருவன் நினைக்கிற இடத்தில் ஜனங்கள் அழுவார்கள். அந்த இடம் கதையில் இருக்கிறதா என்று பார்ப்போம். பட்டறை அண்ணன் "உரைகல்லு கிடைச்சிருச்சு, உரசுங்க" என்றார்.

துரியோதனனுக்குத்தான் முதலில் ஓட்டு விழுந்தது. எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவனைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய உருவமாகக் கிடப்பான். பதினெட்டாம் போர் முடிந்து, திரௌபதி கூந்தல் முடிந்ததும், பக்கத்தில் ஒப்பாரி எழும். சின்ன வயதில் அந்த ஒப்பாரியைக் கேட்டு, கெட்டவனுக்கு ஏன் அழுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அவனுக்கும் ஒரு ஆத்தா இருந்தாள்ல" என்றாள்.

ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றது சுத்த வீம்பு. ஐந்து ஊரைக் கொடுத்திருந்தால் பாரதமே இல்லை. ஆனால் மடுக்கரைக் காட்சியைப் பாருங்கள். படையெல்லாம் அழிந்து தண்ணீருக்குள் ஒளிந்திருக்கிறான். கரையில் நின்று ஏசுகிறார்கள். பொறுக்க மாட்டாமல் மேலே வருகிறான். தருமன் அவசரப்பட்டு, 'எங்கள் ஐவரில் யாராவது ஒருவனோடு மோது, ஜெயித்தால் நாடு உனக்கே' என்று சொல்லிவிடுகிறான். வியாச பாரதத்தில் கண்ணன் இதற்காகத் தருமனைக் கடிந்துகொள்வது சும்மா இல்லை. துரியோதனன் நகுலனையோ சகாதேவனையோ கைகாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் காட்டவில்லை, எவன் வேண்டுமானாலும் வரட்டும் என்கிறான். வருவது பீமன். எந்த வீம்பு பதினெட்டு அக்குரோணிப் படையைத் தின்றதோ, அதே வீம்பு இந்த ஒரு நிமிஷம் மாண்பாகத் தெரிகிறது.

தொடை முறிந்து கிடக்கும்போதும் அவன் அழவில்லை. 'படித்தேன், கொடுத்தேன், ஆண்டேன், க்ஷத்திரியனாகச் சாகிறேன், என்னைவிட நல்ல முடிவு யாருக்கு?' என்று பேசுகிறான். வானத்திலிருந்து பூ விழுகிறது. கடைசியில் தருமன் சொர்க்கத்துக்குப் போனால் அங்கே இவன் முன்பே உட்கார்ந்திருக்கிறான். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் உரைகல்லில் உரசினால் கோடு சரியாக விழவில்லை. கடைசி மூச்சிலும் கண்ணன் செய்த மோசங்களைத்தான் அடுக்குகிறான். உடைவதற்கு முன் இருந்த ஆள்தான் உடைந்த பின்பும். கம்பீரம் உண்டு, விழிப்பு இல்லை.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கூத்துக்காரர்கள் முகவீணையும் மத்தளமுமாக, கதையை அறிமுகம் செய்யும் கட்டியங்காரனை முன்னால் விட்டு, திரைக்குப் பின்னால் பாடி ஆடி முகம் காட்டி, விடிய விடிய நடத்துவதை இரண்டு மணி நேரத்தில் சுருக்குவது கல்யாண விருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது மாதிரி. புஜக்கட்டை கட்டி ஆடுகிறவர்கள் இருக்கும் ஊரில் நாங்கள் அட்டைக் கிரீடத்தோடு போய் நிற்பது, சரி, அதுவும் ஒரு தலைக்கனம்தான்.

கர்ணன் பெயரும் வந்தது. அவனுக்காக ஊர் ஏற்கெனவே அழுது முடித்துவிட்டது. தன்னை அரை ரதன், அதாவது பாதித் தேர்வீரன், என்று பீஷ்மர் சொன்னதற்காக, அவர் விழும்வரை பத்து நாள் போர்க்களத்துக்கே வராமல் இருந்தானே, அந்த வீம்பை மட்டும் ஏன் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்று கேட்டேன். குழுவில் பாதிப் பேர் என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. நகர்ந்துவிட்டேன்.

இராவணனைத் தொட்டால் சேலத்தில் பழைய கதை ஒன்று எழுந்து வரும். கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டுமா வேண்டாமா என்று 1943இல் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் சொற்போர் நடத்தியது இங்கேதான். அந்த வழக்கு இன்னும் டீக்கடைகளில் முடியவில்லை. நான் அதற்குள் போகவில்லை. கம்பனின் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் போரில் தோற்று, "இன்று போய் நாளை வா" என்று அனுப்பப்பட்டு, இராவணன் வெறுங்கையோடு இலங்கைக்குள் நுழைகிறான். யானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள் என்று அவன் பெருமையை ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாவற்றையும் களத்திலேயே போட்டுவிட்டு வந்தான் என்கிறான் கம்பன். வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் எல்லாரும் சிரிப்பார்கள், அதற்கெல்லாம் அவன் நாணவில்லையாம். சானகி சிரிப்பாளே என்றுதான் குன்றிப் போகிறான். ஒரு பேரரசனின் கர்வம் முழுக்க ஒரு பெண்ணின் சிரிப்பில் போய் மாட்டிக்கொண்டது.

கும்பகருணன் இதை முன்பே சொல்லிவிட்டான்: "பேசுவது மானம் இடை பேணுவது காமம்." மாண்பிறந்த மானத்துக்கு இதைவிட நறுக்கான உரை கிடையாது. தம்பி போய், பிள்ளைகள் போய், சீதையை விட்டுவிடுங்கள் என்று இந்திரசித்தே சொல்லும்போது இராவணன் பேசுவது வேறு தளம். செத்தவர்களையோ இருப்பவர்களையோ உன்னையோ நம்பி இந்தப் பகையைத் தேடவில்லை, "என்னையே நோக்கி யான் இந்நெடும்பகை தேடிக் கொண்டேன்" என்கிறான். தோற்றாலும் இராமன் பேர் நிற்கும்வரை நானும் நிற்பேன் அல்லவா, புகழுக்கும் முடிவு உண்டோ என்கிறான். எங்கள் குழுவில் இராவணன் வேஷத்துக்கு ஆசைப்படுகிறவர் இதைப் படித்துக் காட்டியபோது டீக்கடைக்காரரே பாய்லர் பக்கமிருந்து நகர்ந்து வந்து நின்றார்.

ஆனாலும் பாருங்கள், பொறுப்பை ஏற்கிறான், பிழையை ஏற்கவில்லை. 'நான்தான் செய்தேன்' என்கிறான், 'தப்பாகச் செய்தேன்' என்று வரவில்லை. இன்னொரு தடையை டீச்சர் சொன்னார். "முன்னாடி உக்காந்து பாக்கறவங்க பொம்பளைங்க. ஒருத்தியைத் தூக்கிட்டு வந்து தோட்டத்துல வச்சிருக்கறவன் கம்பீரத்தைப் பாத்து அவங்க ஏன் அழணும்?" எஸ்டேட் களத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகக் குத்தும். இராவணன் வேஷக்காரருக்கு வருத்தம்தான்.

ஈடிபஸ் கதையில் உரைகல் சோதனையே தேவைப்படவில்லை, முழுத் தங்கம். கிரேக்க சோக நாயகன் என்றால் ஹியூப்ரிஸ் என்ற அகந்தையால் விழுகிறவன் என்று கல்லூரியில் பாடம் நடத்துவார்கள். ஏதென்ஸில் ஹியூப்ரிஸ் என்பது வழக்குப் போடக்கூடிய குற்றம், அடுத்தவனை அவமானப்படுத்துகிற அடாவடி. அரிஸ்டாட்டில் கவிதையியலில் நாயகன் விழக் காரணமாகச் சொன்னது ஹமார்தியா, குறி தவறுதல். வில்லாளி கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை, அம்பு தவறினால் போதும்.

ஸ்பிங்ஸின் விடுகதையை அவிழ்த்தவன் என்ற பெருமை ஈடிபஸுக்கு. முந்தைய ராஜாவைக் கொன்றவன் யார் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று சபதம் செய்கிறான். கண் தெரியாத ஞானி டைரீசியஸ் 'கொன்றவன் நீதான்' என்று உண்மையைச் சொன்னதும் 'நீயும் என் மைத்துனன் கிரியோனும் சேர்ந்து சதி செய்கிறீர்கள்' என்று பாய்கிறான். இது கெடுக்கும் கர்வம். அப்புறம் மனைவி யோகாஸ்டா, 'இதற்கு மேல் கேட்காதே' என்று கெஞ்சுகிறாள். கிழட்டு இடையன் 'சொல்லக் கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன்' என்கிறான். 'நான் கேட்கக் கூடாததைக் கேட்கும் இடத்தில் நிற்கிறேன், ஆனாலும் கேட்டாக வேண்டும்' என்கிறான் ஈடிபஸ். விடுகதையை அவிழ்த்த அதே பிடிவாதம்தான், அதை இப்போது தன்மேலேயே திருப்புகிறான். யாரும் அவனைத் தண்டிப்பதற்குள் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான்.

அமைப்பு ரீதியாகவும் இதைவிட வசதியான நாடகம் கிடையாது. ஒரே அரண்மனை வாசல், ஒரே நாள், ஆள் குறைவு. ஒரே வேனில் ஏற்றிவிடலாம். ஆனால் தாயை மணந்த கதை. ஆயா மடியில் படுத்துப் பார்க்கிற பிள்ளை "அந்தம்மா யாரு?" என்று கேட்டால் ஆயா என்ன சொல்வாள் என்று யோசித்தோம். சேலம் நகரத்துக்குள் ஓர் அரங்கத்தில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஈடிபஸுக்குத்தான் கை தூக்குவேன். மலைக்கு வேண்டாம்.

ஷேக்ஸ்பியரின் லியர் அரசனையும் ஒருவர் சொன்னார். மூன்று மகள்கள், யார் இனிக்கப் பேசுகிறார்களோ அவர்களுக்குச் சொத்து, கடைசியில் அப்பா மழையில். பத்திர எழுத்தர் யாரைக் கேட்டாலும் இதைவிட நன்றாகச் சொல்வார்.

சேர அரசன் கணைக்கால் இரும்பொறை என் சொந்த ஆசை. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடக்கிறான். தண்ணீர் கேட்கிறான், உடனே தரவில்லை. தாமதமாக வந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல், ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுச் சாகிறான். புறநானூற்றின் 74ஆம் பாட்டு. குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் சதைப் பிண்டமாகப் பிறந்தாலும் வாளால் வெட்டிப் புதைக்கும் குலத்தில் பிறந்துவிட்டு, கட்டிவைத்த நாய் மாதிரி இரந்து குடிப்பதா என்கிறான். பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்று இன்னொரு வழக்கும் உண்டு. எப்படியானாலும் கையில் குவளையோடு ஒரு ஆள். பத்து நிமிஷத்துக்கு மேல் நாடகம் நிற்காது. அதோடு அவன் எதையும் தப்பாகச் செய்யவில்லை, தோற்றான், அவ்வளவுதான்.

மிச்சம் பாண்டியன். முதலில் இவனுக்கு ஓட்டே இல்லை. அது கண்ணகி கதை, ராஜா நாலு வரி பேசிவிட்டுச் செத்துப் போகிறவன் என்றார்கள். நான் வழக்குரை காதையை எடுத்து வைத்துப் படித்தேன்.

இவன் பிழை கர்வத்தில் தொடங்கவில்லை, அவசரத்தில் தொடங்குகிறது. ஊடிப் போன கோப்பெருந்தேவியைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்துக்குப் போகும் வழியில் பொற்கொல்லன் வந்து கள்வன் அகப்பட்டான் என்கிறான். நின்று விசாரிக்காமல் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். கர்வம் வருவது அப்புறம்தான். தலைவிரி கோலமாக நிற்கும் பெண்ணிடம், "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று, வெள்வேல் கொற்றம் காண்" என்று சட்டம் பேசுகிறான். அலுவலகங்களில் வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் இந்தக் குரல் தெரியும். அவள் அசரவில்லை, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் அரண்மனைச் சிலம்பின் பரல் முத்து என்பது அவனுக்குத் தெரியும். இந்த இடத்தில் அவன் விசாரணையைத் தள்ளிப் போட்டிருக்கலாம். சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி அவள் முன்னாலேயே வைக்கிறான். உடைக்கிறாள், மாணிக்கம் அவன் முகத்தில் தெறிக்கிறது.

"பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்." இந்த அடியில்தான் முடிவு செய்தேன். பொற்கொல்லன் பெயர் வாயில் வந்துவிட்டது, பழியை அவன்மேல் வைத்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். 'கேட்ட' என்ற ஒரு சொல்லில் பழி தன்னிடமே திரும்பி வந்துவிடுகிறது. அவன் சொன்னான், கேட்டவன் நான். கெடுக என் ஆயுள் என்று விழுகிறான். பின்னால் சேரன் செங்குட்டுவன் இதைக் கேள்விப்பட்டு, வல்வினை வளைத்த கோலை அவனுடைய செல்லுயிர் நிமிர்த்தியது என்கிறான். நேற்றுவரை பகை நாட்டு ராஜா, அவன் வாயிலிருந்து வருகிற பாராட்டு. வெள்வேல் கொற்றம் என்று பேசிய அந்தக் கர்வம் இல்லாதவன் இப்படி ஒரு நொடியில் சாகமாட்டான். சபையைக் கலைத்துவிட்டு, விசாரணைக் குழு போட்டுவிட்டு, இராத்திரி நன்றாகத் தூங்குவான்.

இதைச் சொல்லி முடித்தபோது எல்லாரும் தலையாட்டினார்கள், மூத்த பட்டறை அண்ணன் மட்டும் ஆட்டவில்லை. "அக்கா, நான் வெள்ளி வேலைக்காரன். எங்க ஆளைத் திருடனாக் காட்டற நாடகத்துக்கு நானே கொலுசு செஞ்சு தரணுமா?" அப்புறம் அவர் சொன்னது எங்களில் பலருக்குத் தெரியாது. பாண்டியன் செத்த பிறகு கொற்கையிலிருந்த வெற்றிவேல் செழியன், கண்ணகிக்குப் பலியாகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்றான் என்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. "தப்பு பண்ணவன் ஒருத்தன். அவனைக் கேட்டவன் நான்தான்னு ராஜாவே சொல்லிட்டுச் செத்தான். அடுத்து வந்தவன் ஆயிரம் ஆசாரிய வெட்டினான். அதையும் சொல்வீங்களா?"

யாரும் பேசவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த எதிர்ப்பக்கத்தை அவர் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஒருவன் பழியைத் தன்மேல் எடுத்துக்கொண்டான், அவன் நாற்காலியில் வந்தவன் அதை ஆயிரம் தலையில் இறக்கினான். இருவரும் பாண்டியர் மானத்தைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருப்பார்கள். அந்த ஆயிரம் பேரைப் பற்றிக் கட்டியங்காரன் கடைசியாக வந்து சொல்லிவிட்டுப் போவதாக அங்கேயே எழுதினேன். அண்ணன் படித்துப் பார்த்து, "இப்பச் சரி" என்றார்.

ஆக, பாண்டியன்தான். கோப்பெருந்தேவியின் ஊடலிலிருந்து சிலம்பு உடைவதுவரை ஒன்றே கால் மணி நேரம். ஒரு சிம்மாசனம், ஒரு வாயில். கண்ணகி வருவது பாதிக்கு மேல்தான் என்பதால் கண்ணகி வேஷக்கார டீச்சருக்குக் கொஞ்சம் மனக்குறை. வந்த பிறகு வேறு யாரையும் ஜனங்கள் பார்க்கமாட்டார்கள் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சிலம்பு செய்யும்போது அண்ணன் இன்னொன்று சொன்னார். உள்ளே போடுகிற பரல் மாறினால் சத்தம் மாறிவிடுமாம். "முத்துக்கும் கல்லுக்கும் ஆட்டினாலே தெரிஞ்சிரும் அக்கா. உடைக்கவே வேண்டாம். அந்த ராஜா அதை ஒருதரம் காதுகிட்ட வச்சுப் பாக்கலை." அதை அப்படியே வாயில் காவலன் வசனத்தில் சேர்த்துவிட்டேன்.

போன ஞாயிறு இரண்டு பாதியாகச் செய்து அரக்கு வைத்து ஒட்டிய சிலம்பைக் கொண்டுவந்தார். கண்ணகி ஓங்கிச் சிமெண்டுத் தரையில் அடித்தார். சிலம்பு உருண்டு போய் பெஞ்சுக்கு அடியில் நின்றது, கீறல்கூட இல்லை. பாண்டியன் எதற்கும் இருக்கட்டும் என்று விழுந்து செத்துவிட்டார். அண்ணன் அரக்கைக் குறைக்கிறேன் என்று சிலம்பைப் பையில் போட்டுக்கொண்டு, செத்தவரையும் எழுப்பி, டீக்குச் சொன்னார்.